கண்ணாடியைத் திருப்பிக் கொடுங்க: படிக்கட்டுக்கு அடியில் இருந்தவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

## எதற்காக இந்தப் பதிவு

இது ஒரு பெரியவரைப் பற்றிய பதிவு. ஆனால் அவரைவிட அவரைச் சுற்றி இருந்தவர்களைப் பற்றித்தான், குறிப்பாக எங்களைப் பற்றித்தான், இதில் அதிகம் இருக்கும். வீடற்றவர்களோடு வேலை செய்யும் சிறிய தன்னார்வக் குழு எங்களுடையது. மொத்தம் ஆறு பேர். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், வேன் ஓட்டும் இளைஞர் ஒருவர், வார இறுதிகளில் மட்டும் வரும் மூவர். நான் ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிது, போன் எடுப்பதும் கணக்கு எழுதுவதும்தான் வேலை.

ஆள் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் ஊர், கட்டடம், பெயர் எதையும் குறிப்பிடவில்லை. பெரியவரின் சம்மதத்தோடு எழுதப்படுகிறது. வரைவை அவரே படித்துப் பார்த்தார்.

## பின்னணி

நான்கு மாடி அலுவலகக் கட்டடம். தரைத்தளத்தில் படிக்கட்டு திரும்பும் இடத்துக்குக் கீழே முக்கோணமாக ஒரு சந்து. ஒருவர் உட்காரலாம், காலை நீட்ட முடியாது. அறுபதை ஒட்டிய வயதுடைய ஒருவர் ஏழு மாதங்களாக அங்கே இருந்தார். பகலில் எங்காவது போய்வருவார், இருட்டியதும் வந்து உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் ஒரு சாக்குப்பை. யாரிடமும் கை நீட்டியதில்லை, சத்தம் போட்டதில்லை.

இரண்டாம் மாடியில் வேலை செய்யும் ஒரு பெண்தான் எங்களுக்குப் போன் செய்தார். நேர்மையாகவே பேசினார். “அவர் மேல ரொம்ப நாத்தம் வருது சார். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் படி ஏறுறோம். ஏதாவது பண்ண முடியுமா?” இரக்கத்தால் கூப்பிடவில்லை என்று பின்னால் அவரே சொல்லி வருத்தப்பட்டார். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. ஏழு மாதத்தில் அந்தக் கட்டடத்திலிருந்து போனை எடுத்து யாரிடமாவது சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

## ஏழு மாதம் ஏன் யாரும் சொல்லவில்லை

இதைப் பின்னால் விசாரித்தோம், குற்றம் கண்டுபிடிக்க அல்ல, புரிந்துகொள்ள. பெண் ஊழியர் காவலாளி சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தார். இரவுக் காவலாளி, கட்டட மேலாளருக்குத் தெரியும்தானே, அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார். மேலாளர் அதை நகராட்சியின் வேலையாக நினைத்தார். மூன்றாம் மாடியில் இருந்த ஒருவர், “இத்தனை பேர் போய்வர்ற இடம் சார், இந்நேரம் யாராவது சொல்லியிருக்க மாட்டாங்களா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இத்தனை பேர் போய்வருகிற இடம் என்பதுதான் பிரச்சினையே. 1968-இல் ஜான் டார்லி, பிப் லாட்டனே என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய சோதனை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. தனித்தனி அறைகளில் உட்கார்ந்து ஒலிபெருக்கி வழியாகப் பேசிக்கொள்ளும்போது, ஒருவருக்கு வலிப்பு வருவது கேட்கும். கேட்பது தான் ஒருவன் மட்டுமே என்று நம்பியவர்களில், அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து போய்ச் சொன்னவர்கள் 100-க்கு 85 பேர். தன்னைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 பேர்தான். எழுந்து போகாதவர்கள் கல்நெஞ்சக்காரர்களாகவும் இல்லை. சோதனை முடிந்து உள்ளே போனபோது பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது, “அவருக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார்கள். ஆய்வாளர்கள் அதைப் பதிவும் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று அவசரம். 1973-இல் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பேச்சு கொடுப்பதற்காக ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போக வேண்டும். வழியில் ஒரு வாசலில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுவார். நேரம் இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காடு. பாதிப் பேர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதைதான். அதனால் பெரிய வித்தியாசம் எதுவும் ஏற்படவில்லை.

காலை ஒன்பதே முக்காலுக்குப் படி ஏறும் அலுவலக ஊழியரை நினைத்துப் பார்த்தால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வலிப்புச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இது ஏழு மாதம். முதல் வாரத்தில் கண்ணில் உறுத்திய ஆள், இரண்டாவது மாதத்தில் படிக்கட்டின் ஒரு பகுதியாகிவிட்டார். பெண் ஊழியரே ஒருமுறை சொன்னார்: “அவர் ஒருநாள் இல்லைன்னா, என்னமோ குறையுதேன்னு தோணும். என்னன்னு தெரியாது.”

## முதல் முயற்சி: நாங்கள் கெடுத்தது

போன் வந்த சனிக்கிழமையே கிளம்பினோம். ஐந்து பேர், ஒரு வேன், கையுறை, முகக்கவசம், சோப்பு, முடிவெட்டும் கத்தரி, புதுத் துணி. ஒருவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நன்கொடை தருபவர்களுக்குக் காட்ட அதுவும் தேவைப்படும் என்பது அப்போதைய எங்கள் பழக்கம்.

ஐந்து பேரும் அந்தச் சந்தைச் சுற்றி அரைவட்டமாக நின்றோம். இப்போது யோசித்தால், உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு வெளிச்சம்கூடத் தெரிந்திருக்காது. “ஐயா, வாங்க, குளிச்சிட்டு நல்ல இடத்துக்குப் போகலாம்” என்றேன். “வேண்டாம்” என்றார். மறுபடியும் கேட்டேன். “வேண்டாம், போங்க.” மனநிலை சரியில்லாதவர் போலிருக்கிறது என்று எங்களுக்குள் தணிந்த குரலில் பேசிக்கொண்டோம். முகக்கவசம் போட்ட ஐந்து பேர் சூழ்ந்து நின்று கூப்பிட்டால் யாருமே ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, இடத்தைச் சுத்தம் செய்வதாக நினைத்து எங்களில் ஒருவர் சாக்குப்பையைத் தூக்கி, அப்போது வாசலில் நின்ற குப்பை வண்டியில் போட்டுவிட்டார். பெரியவர் கத்தினார். அதுவரை நான் கேட்டிராத கத்தல். வண்டி கிளம்பிவிட்டது. இளைஞர் வேனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார், குப்பை கொட்டும் இடம்வரை. பை கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது பெரியவரும் இல்லை.

அந்தப் பையைத் தூக்கிப் போட்டவர் மீது பழி போட எனக்கு விருப்பமில்லை. நான் பொறுப்பாளர், கிளம்பும் முன் “எதையும் தொடாதீர்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அழுக்குப் பை என்றால் குப்பை என்று என் மனமும்தான் எடுத்துக்கொண்டது. படி ஏறியவர்கள் அவரைப் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தோம், ஆனால் கேட்கவில்லை. அவருக்கு நேர்ந்த சேதத்தை வைத்துப் பார்த்தால் எங்களுடையதுதான் பெரிது.

## தேடிய பன்னிரண்டு நாட்கள்

இதில் சொல்ல அதிகமில்லை. பேருந்து நிலையம், மேம்பாலத்தின் அடி, மருத்துவமனை வாசல் எங்கும் தேடினோம். கிடைக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் இரவு காவலாளி போன் செய்தார். “வந்துட்டாரு சார். வண்டி நிறுத்துற பக்கமா உட்கார்ந்திருக்காரு. தயவுசெஞ்சு அன்னைக்கு மாதிரி வராதீங்க.”

எங்களுக்குக் கிடைத்த முதல் உருப்படியான அறிவுரை அதுதான்.

காவலாளியோடு உட்கார்ந்து முதன்முறையாக முழுதாகப் பேசினோம். இந்த ஏழு மாதமும் அவர் தினமும் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருக்கிறார். மேலாளர் இரண்டு முறை விரட்டச் சொன்னபோது, “காலையில போயிடுவாரு சார்” என்று சமாளித்திருக்கிறார். முந்தைய நாள் செய்தித்தாளை வரவேற்பறையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். பெரியவர் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பார், குறுக்கெழுத்தையும் விடமாட்டார். “இப்போ பேப்பரைக் கையில வச்சிக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்காரு சார். படிக்கிறதில்ல.” அது ஏன் என்று அப்போது அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

## இரண்டாவது முயற்சி: தினமும் ஏழு மணி

எடுத்த முடிவுகள் சில. ஒருவர் மட்டும் போவது, அதுவும் செவிலியர். தினமும் மாலை ஏழு மணிக்கு, நேரம் தவறாமல். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருப்பதில்லை. நின்றுகொண்டு பேசுவதில்லை, அவர் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கே உட்கார்வது. கையுறை, முகக்கவசம், படம் எதுவும் கிடையாது. எதையும் தொடுவதில்லை, எங்கும் கூப்பிடுவதில்லை. ‘நாளைக்கு வருகிறேன்’ என்று சொன்னால் வந்தே ஆக வேண்டும்.

குழுவில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. தினமும் ஒரு ஆள் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவதற்கா நன்கொடை வாங்குகிறோம் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். என்னிடம் அப்போது நல்ல பதில் இல்லை. முதல் தடவை வேகமாகப் போய்க் கெடுத்துவிட்டோம், இந்தத் தடவை மெதுவாகப் போய்ப் பார்ப்போம் என்றுதான் சொன்னேன்.

ஒன்பது நாள் பெரியவர் வாய் திறக்கவில்லை. செவிலியர் அருகே உட்கார்ந்து தானும் ஒரு செய்தித்தாளைப் புரட்டிவிட்டு, “வரேங்கய்யா” என்று சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தார். பத்தாம் நாள் அவர் கிளம்பும்போது பெரியவர் சொன்னார்: “என் கண்ணாடியைத் திருப்பிக் கொடுங்க.”

பையில் கண்ணாடி இருந்திருக்கிறது. கூடவே ஒரு சாவிக்கொத்து. தங்கையின் போன் எண் எழுதிய ஒரு காகிதம்.

மறுநாள் செவிலியர் மூன்று வெவ்வேறு பவரில் படிக்கும் கண்ணாடிகளைக் கொண்டுபோனார். பெரியவர் மூன்றையும் செய்தித்தாளை வைத்துச் சோதித்துப் பார்த்தார். நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை, நாங்கள் கொடுத்தது தர்மம் இல்லை, பாக்கி. சாவிக்கும் போன் எண்ணுக்கும் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. “அது போச்சுங்கய்யா. தப்பு எங்க மேலதான்” என்று மட்டும் செவிலியர் சொன்னார். அவர் தலையை ஆட்டினார்.

லசானா ஹாரிஸும் சூசன் ஃபிஸ்க்கும் 2006-இல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வு ஒன்று உண்டு. பல வகை மனிதர்களின் படங்களைக் காட்டியபோது, மற்றவர் மனதை நினைத்துப் பார்க்கையில் பொதுவாக இயங்கும் மூளையின் முன்பக்கப் பகுதி ஒன்று, வீடற்றவர்கள், போதைக்கு அடிமையானவர்கள் படங்களுக்கு மிகக் குறைவாகவே இயங்கியது. அடுத்து அவர்கள் செய்த ஆய்வில், படத்தில் இருப்பவருக்கு ஒரு குறிப்பிட்ட காய்கறி பிடிக்குமா என்று யோசிக்கச் சொன்னபோது அந்தப் பகுதி மீண்டும் இயங்கியது. ஆய்வகத்து முடிவைத் தெருவில் அப்படியே பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அந்தக் கட்டடத்தில் பெரியவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்த ஒரே மனிதர் காவலாளிதான், அவரை விரட்ட மனம் வராத ஒரே மனிதரும் அவர்தான் என்பதை மறந்துவிட முடியவில்லை.

## நாற்றம் எங்கிருந்து வந்தது

கண்ணாடி கொடுத்த நான்காம் நாள், பெரியவர் தானாகவே வேட்டியைச் சற்று விலக்கி இடது காலைக் காட்டினார். கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் புண். மேலே பிளாஸ்டிக் கவர் சுற்றிக் கட்டியிருந்தார். உள்ளே புழு இருந்தது.

குளிக்காததால் வரும் நாற்றம் என்று எல்லோரும் நினைத்திருந்தது அழுகும் புண்ணின் நாற்றம். செவிலியரும் முதல் வாரமே சந்தேகப்பட்டிருக்கிறார். ஆனால் தொடுவதில்லை என்ற விதியை அவரே வகுத்திருந்ததால் காத்திருந்தார்.

காரணத்தையும் அவரே விளக்கினார். மாதக்கணக்கில் உட்கார்ந்தபடியே தூங்கினால் இரத்தமும் நீரும் காலில் தேங்கும். கால் வீங்கும், தோல் மெலியும், சின்னக் கீறல்கூட ஆறாது. சந்தில் காலை நீட்ட இடமில்லை என்பது ஒரு காரணம். படுத்தால் பையை யாராவது எடுத்துவிடுவார்கள் என்ற பயம் இன்னொன்று. அந்தப் பயம் வீண் பயம் இல்லை என்று நாங்களே நிரூபித்திருந்தோம்.

இந்த இடத்தில்தான் குழுவுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்றார் இளைஞர். “கால் போயிட்டா யார் பதில் சொல்றது?” செவிலியர் வேறு மாதிரி பார்த்தார். பெரியவருக்கு இன்று என்ன கிழமை என்று தெரிகிறது, காய்ச்சல் இல்லை, தன் புண் மோசம் என்பதும் தெரிகிறது. புத்தி தெளிவாக இருக்கும் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனால் சிகிச்சை முடிவதற்குள் ஓடிவிடுவார், அப்புறம் கால் நிச்சயம் போகும். கடைசியில் ஓர் எல்லைக்கோடு வகுத்தோம். காய்ச்சல் வந்தாலோ, பேச்சு குழறினாலோ, புண்ணைச் சுற்றிய சிவப்பு மேலே ஏறினாலோ அவசரச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வது. அதுவரை அவர் இருக்கும் இடத்திலேயே தினமும் புண்ணைக் கழுவிக் கட்டுவது. இந்த எல்லைக்கோட்டைப் பெரியவரிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டோம்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. சிவப்பு கெண்டைக்காலின் நடுவரை ஏறியிருந்தது. செவிலியர் வாயைத் திறப்பதற்குள் பெரியவரே கேட்டார்: “போகணும்தானே?” இரண்டு நிபந்தனைகள் வைத்தார். இப்போது வைத்திருக்கும் பை தன் கையிலேயே இருக்க வேண்டும். காவலாளித் தம்பி கூட வர வேண்டும். அவர் வேலை முடிந்து மாற்று ஆள் வரும்வரை ஒன்றரை மணி நேரம் காத்திருந்து கிளம்பினோம்.

## மருத்துவமனை

சேர்ப்பதற்கே மூன்று மணி நேரம் ஆனது. அடையாள அட்டை இல்லை, முகவரி இல்லை. “கூட இருக்கப்போறது யாரு?” என்பதற்குப் பதில் வந்தால்தான் படுக்கை. செவிலியர் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். வார்டின் கடைசியில், கழிப்பறையை ஒட்டி ஒரு கட்டில் கிடைத்தது. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு இரவில் அத்தனை நோயாளிகளைப் பார்ப்பவர்கள். கூட ஆள் இல்லாத நோயாளி என்றால் ஓடி ஓடிச் செய்யும் வேலையெல்லாம் தங்கள் தலையில் விழும் என்ற பயம் அவர்களுக்கு.

பெரியவருக்குக் குடிப்பழக்கம் உண்டு. அதைச் செவிலியர் முதலிலேயே மருத்துவரிடம் சொன்னது உதவியது. தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கும். இரண்டு, மூன்று நாட்களில் மனக்குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டாம் நாள் இரவு வந்த நடுக்கத்தைக் காய்ச்சல் நடுக்கமாகவோ பைத்தியமாகவோ எழுதியிருப்பார்கள். சர்க்கரை நோய் இருப்பதும் அங்கேதான் தெரிந்தது.

இன்னொரு தவறு நடக்க இருந்தது. எங்கள் குழுவில் ஒருவர், பாவம் பல நாளாகச் சாப்பிடாதவர் என்று, மூன்று பேர் சாப்பிடும் அளவுக்கு உணவு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மருத்துவர் தடுத்தார். ஐந்து நாட்களுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாதவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் சரசரவென்று இறங்கி இதயமே நின்றுபோகலாம். இரண்டாம் உலகப் போரில் சிறையிலிருந்து மீண்டு வந்தவர்களிடம் இது தெளிவாகப் பார்க்கப்பட்டது. குடிப்பவராக இருந்தால் உணவுக்கு முன்பே தையமின் என்ற பி1 வைட்டமின் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மூளை பாதிக்கப்படலாம். சிறிது சிறிதாகத்தான் உணவு கூட்டினார்கள். தெருவில் உணவு கொடுக்கும் எங்கள் மாதிரிக் குழுக்கள் பலவற்றுக்கு இது தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

கட்டிலின் தலைமாட்டில் ‘பெயர் தெரியாதவர்’ என்று எழுதியிருந்தது. ஆறாம் நாள் போனபோது அங்கே ஒரு பெயர் இருந்தது. வார்டைப் பெருக்கும் அம்மா, “உங்களை என்னன்னு கூப்பிடுறதுண்ணே?” என்று கேட்டிருக்கிறார், சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் பெயர் கேட்டு நெருக்கக் கூடாது என்று நாங்கள் முடிவெடுத்தது சரிதான். அப்புறம் கேட்க மறந்தே போனோம்.

## எங்கே போவது

பத்தொன்பதாம் நாள் டிஸ்சார்ஜ். புண் ஆறத் தொடங்கியிருந்தது, ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டுப் போட வேண்டும், காலை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் அது நடக்காது.

இரவுக் காப்பகம் ஒன்றில் இடம் கிடைத்தது. பெரிய கூடம், வரிசையாகப் பாய், காலை ஆறு மணிக்கு வெளியேற வேண்டும், குடித்திருந்தால் அனுமதி இல்லை. பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, முன்பு அப்படி ஓரிடத்தில் இரண்டு இரவு இருந்ததாகவும் செருப்பு திருட்டுப் போனதாகவும் சொன்னார். என்ன வேண்டும் என்று கேட்டோம். “கதவு. உள்ள பூட்டுற மாதிரி.”

குடியை விட்டால் அறை பார்க்கலாம் என்றார் குழுவில் ஒருவர். உலகம் முழுக்க வெகுகாலம் இருந்த நடைமுறை அதுதான்: முதலில் காப்பகம், அடுத்து சிகிச்சை, அதில் தேறினால் வீடு. இதைத் தலைகீழாக்கி, நிபந்தனையில்லாமல் முதலில் வீடு, மற்றவை பிறகு, அதுவும் அவர் விரும்பினால் என்று 1992-இல் நியூயார்க்கில் தொடங்கினார் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர். பின்லாந்து 2008 முதல் அதைத் தேசியக் கொள்கையாக எடுத்துக்கொண்டது. கனடாவில் ஐந்து நகரங்களில் 2000-க்கும் மேற்பட்டவர்களோடு நடந்த பெரிய சோதனையிலும் இப்படி வீடு பெற்றவர்கள், வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களைவிட மிக அதிக காலம் வீட்டில் நிலைத்தார்கள். எங்களிடம் நாடும் இல்லை, கொள்கையும் இல்லை. ஆண்டு முழுவதற்குமான வாடகையை ஏற்க ஒருவர் முன்வந்தார். ஒரே அறை, ஒரு சன்னல், உள்தாழ்ப்பாள். சாவியை அவர் கையிலேயே கொடுத்தோம். வாங்கி இரண்டு முறை பூட்டித் திறந்து பார்த்தார்.

## திரும்பிப் போன ஆறு நாட்கள்

ஒன்பதாம் நாள் அறையில் அவர் இல்லை. கட்டடத்தில் இருந்தார்.

அதற்குள் மேலாளர் அந்தச் சந்தைக் கம்பி வலை போட்டு மூடியிருந்தார். பெரியவர் வலைக்கு வெளியே, முதல் படியை ஒட்டி உட்கார்ந்திருந்தார். காவலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இவ்வளவு செய்தும் இப்படியா என்று எங்களுக்குக் கோபம் வந்தது உண்மை. செவிலியருக்கு மட்டும் வரவில்லை. மாலை ஏழு மணிக்குப் பழையபடி போய் உட்கார்ந்தார், ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் பெரியவரே சொன்னார். மல்லாந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. அறையில் சத்தமே இல்லை. “அங்க பேப்பர் கிடையாது. தம்பியும் கிடையாது.”

அறையை விட்டுவிடுவதில்லை, அவரை இழுத்துப் போவதுமில்லை என்று முடிவெடுத்தோம். கட்டுப் போடுவது படிக்கட்டிலேயே தொடர்ந்தது. ஐந்தாம் நாள் காவலாளிதான் வழி சொன்னார்: “பகல்ல இங்க வாங்க, பேப்பர் படிங்க. படுக்க மட்டும் ரூமுக்குப் போங்க ஐயா. நான் வேலைக்கு வரும்போது உங்களைப் பார்த்துட்டு வரேன்.” அந்தப் பெண் ஊழியர் மேலாளரிடம் போய், காவலாளி அறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட அனுமதி கேட்டார். மேலாளர் முதலில் மறுத்துவிட்டார். அந்தப் பெண் மாடிக்கு மாடி கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுபடி போனார். கேட்ட எல்லோருமே கையெழுத்துப் போட்டார்களாம். ஏழு மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள்தான். கேட்க ஒருவர் வந்ததும் போட்டுவிட்டார்கள்.

ஏழாம் நாள் இரவு பெரியவர் அறையில் தூங்கினார்.

## அதற்குப் பிறகு

தெருவிலிருந்து அறைக்கு மாறும் காலம்தான் ஒருவர் மறுபடி தெருவுக்கே திரும்பிவிடும் ஆபத்து மிகுந்த காலம். இதற்காகவே நியூயார்க்கில் எஸ்ரா சஸ்ஸரும் அவர் குழுவினரும் உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது. ஒன்பது மாதம், மும்மூன்று மாதமாக மூன்று கட்டங்கள். முதலில் நெருக்கமாகக் கூட இருப்பது, அப்புறம் மற்றவர்களிடம் பொறுப்பைக் கைமாற்றுவது, கடைசியில் விலகுவது. 1997-இல் வெளியான அவர்கள் ஆய்வில், பதினெட்டு மாதத்தில் இந்த உதவி பெற்றவர்கள் சராசரியாக 30 இரவுகளும், பெறாதவர்கள் 91 இரவுகளும் வீடின்றிக் கழித்திருந்தார்கள். அந்தக் கணக்கை வைத்து எங்கள் வருகையையும் குறைத்துக்கொண்டே வந்தோம்.

பதினான்கு மாதம் ஆகிறது. அறையில்தான் இருக்கிறார். புண் ஆற ஐந்து மாதம் பிடித்தது. சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. குடி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அடையாள அட்டை கிடைத்துவிட்டது. தங்கையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் காகிதம் இருந்திருந்தால் ஒரு போனில் முடிந்திருக்கும். காவலாளியை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வாரம் பெரியவர் நிறையக் குடித்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் காவலாளியைப் பார்க்கப் போகிறார். கம்பி வலை இன்னும் அங்கேயே இருக்கிறது.

## மாற்றிக்கொண்டவை

முதல் சந்திப்புக்கு ஒருவருக்கு மேல் போவதில்லை. படம் எடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டோம். அன்று எடுத்த காணொளியைப் பெரியவரிடம் காட்டி அவர் முன்னாலேயே அழித்தோம். நன்கொடை கொஞ்சம் குறைந்தது. உடைமை எதுவானாலும், கந்தலானாலும், அவர் கையால் எடுத்துக் கொடுக்காமல் தொடுவதில்லை. நாற்றம் என்று புகார் வந்தால் புண் இருக்கிறதா என்பதை முதல் கேள்வியாக வைத்திருக்கிறோம். எங்கே போனாலும், ஏற்கெனவே அவருக்குத் தண்ணீர் கொடுக்கும் ஆள் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். அப்படி ஒருவர் பெரும்பாலும் இருக்கிறார்.

புகார் சொல்பவர்களிடம் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றிக்கொண்டோம். முன்பெல்லாம் “நாங்க பார்த்துக்கிறோம்” என்று போனை வைத்துவிடுவேன். அது ‘வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள்’ என்பதையே உறுதிப்படுத்தும் வார்த்தை. இப்போது சொல்பவருக்கே ஒரு சின்ன வேலை கொடுக்கிறோம்: இன்று மாலை அவர் அங்கே இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லுங்கள், ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துவிட்டு வாருங்கள். சிலர் எரிச்சலோடு வைத்துவிடுகிறார்கள். சிலர் செய்கிறார்கள்.

இன்னும் தீராத கேள்வி ஒன்றும் இருக்கிறது. அந்த ஐந்து நாள் காத்திருந்தது சரியா? கால் போயிருந்தால் இந்தப் பதிவை வேறு மாதிரி எழுதியிருப்பேன், அல்லது எழுதியே இருக்கமாட்டேன். இளைஞர் இன்றும் அது சூதாட்டம் என்றுதான் சொல்கிறார். நான் மறுப்பதில்லை.

வரைவைப் பெரியவரிடம் கொடுத்தபோது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். எழுத்துப் பிழைகள் நான்கைத் திருத்தினார். ‘மருத்துவமனைக்கு மீட்டுச் செல்லப்பட்டார்’ என்று நான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, மேலே பென்சிலால் எழுதினார்: ‘நானே போனேன்.’